மூன்றடிப் பாதையின் மரக்கொட்டகைகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாமா என்றொரு மலையடிவாரச் சிற்றூர். நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் ஊற்றிய மரத்தொட்டி ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. இப்படிப்பட்ட தொட்டிகளைச் சுற்றியுள்ள இரும்பு வளையங்களைக் கவனித்துப் பாருங்கள். மேற்பகுதியில் இடைவெளி விட்டு இருக்கும். கீழே வரவர நெருங்கிவிடும். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடுவதுதான் காரணம். மாதிரி ரயில் அமைப்பவர் இந்தத் தொட்டியைச் செய்யும்போது வளையங்களைச் சம இடைவெளியில் ஒட்டிவிட்டால், மற்றதெல்லாம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது தண்ணீர் தாங்கும் தொட்டியாகத் தோன்றாது.

கடையில் விற்கும் பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்கி, எண் பார்த்து ஒட்டும் வேலையைப் பற்றி நான் சொல்லவில்லை. மரக்கீற்று, அட்டை, தகரத்தாள் இவற்றை வைத்துக்கொண்டு ஒரு கட்டடத்தை அடியிலிருந்து தானே எழுப்பும் கலையைச் சொல்கிறேன். குறுகிய பாதை ரயில்களை நேசிப்பவர்களிடம் இந்தக் கலை செழித்ததற்குக் காரணம் இருக்கிறது.

வில்லியம் ஜாக்சன் பால்மர் தொடங்கிய டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் நிறுவனம் 1871-இல் கொலராடோவில் தண்டவாளம் போட்டபோது, அகலம் மூன்றே அடி. மலையை அதிகம் வெட்டாமல், அதன் இடுப்பை ஒட்டியே வளைந்து போகலாம், செலவும் குறைவு. பாதையோரக் கட்டடங்களும் அதே சிக்கனத்தில் பிறந்தவை. அக்கம்பக்கத்தில் அறுத்த பலகை, இடைவெளியை மூட ரீப்பர், மேலே தகரம் அல்லது தார்த்தாள். இடத்துக்கும் தேவைக்கும் ஏற்ப மாறிய இந்தக் கொட்டகைகள் அத்தனைக்கும் அச்சு வார்ப்பது எந்த நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும்?

பல கட்டடங்கள் இப்போது இல்லவும் இல்லை. ஓட்டோ மியர்ஸ் 1890-களின் தொடக்கத்தில் ரிட்ஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை போட்ட ரியோ கிராண்ட் சதர்ன் பாதை 162 மைல் நீளம். 1951-இல் அது கைவிடப்பட்டது, தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். எஞ்சியவை பழைய புகைப்படங்கள். அவற்றிலிருந்து அளவு எடுப்பதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். படத்தில் கதவு தெரிந்தால், அதன் உயரம் ஏறத்தாழ ஏழடி என்று வைத்துக்கொண்டு சுவரைக் கணக்கிடலாம். பலகையின் அகலம் தெரிந்தால் எண்ணிப் பெருக்கலாம். படத்தின் ஓரத்தில் ஒரு சரக்கு ரயில் பெட்டி நின்றிருந்தால் பெரிய அதிர்ஷ்டம்; அதன் நீளம் ரயில்வே ஆவணத்தில் இருக்கும்.

பிறகு அளவைச் சுருக்க வேண்டும். 48-இல் ஒரு பங்கு என்றால் ஒரு அடி கால் அங்குலமாகிவிடும். 24 அடி குறுக்களவும் 16 அடி உயரமும் உள்ள தொட்டி, ஆறு அங்குலக் குறுக்களவில் நான்கு அங்குல உயரத்தில் மேசைமேல் வந்து நிற்கும். ஓர் அங்குலப் பலகையின் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். அந்த மெல்லிய கீற்றுக்குக் கம்பித் தூரிகையால் ரேகை இழுத்து, சாராயத்தில் கலந்த கறுப்பு மையால் சாயம் ஏற்றுவார்கள். சாயத்தை ஒட்டுவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். பசை பட்ட இடம் பிறகு சாயம் பிடிக்காது. சுவருக்கு உட்புறம் குறுக்குச் சட்டம் கொடுக்காவிட்டால் ஈரத்தில் வளைந்துகொள்ளும். கூரைக்கு அலுமினியத் தாளை வரி வரியான அச்சின்மேல் அழுத்தினால் நெளிவுத் தகரம். துருவுக்கு வண்ணச் சுண்ணக்கட்டிப் பொடி.

எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. பலர் எல்லாக் கட்டடத்தையும் இற்று விழும் நிலையிலேயே செய்கிறார்கள். ரயில் ஓடிய காலத்தில் தொட்டி ஒழுகினால் அடுத்த எஞ்சின் மலையேற முடியாது. அதனால் அதைப் பழுது பார்த்தே வைத்திருப்பார்கள். புதுப் பலகை ஒன்று பழையவற்றுக்கு நடுவே வெளுப்பாகத் தெரிவதுதான் உண்மைக்கு நெருக்கம்.

ஒவ்வொரு கட்டடத்திலும் எஞ்சினின் தேவை எழுதியிருக்கிறது. சாமாவுக்கு மேலே கம்ப்ரெஸ் கணவாய்க்கு நூறடிக்கு நான்கடி ஏற்றம். சக்கரம் வழுக்காமலிருக்க உலர்ந்த மணல் தூவ வேண்டும். அதைக் காய வைக்க அடுப்புள்ள தனி மணல் கொட்டகை. எஞ்சின் கொட்டகையின் புகைபோக்கி, உள்ளே எஞ்சினின் புகைக்கூண்டு எங்கே நிற்குமோ அதற்கு நேர் மேலே. இதெல்லாம் தன் கையால் கட்டிப் பார்ப்பவருக்குப் புரிவதுபோல் படித்தவருக்குப் புரிவதில்லை.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நீலகிரி மலை ரயில் ஒரு மீட்டர் அகலப் பாதை. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். ஐரோப்பிய மலை ரயில் மாதிரிகளுக்காக அந்த அகலத்தில் தண்டவாளம் விற்கிறார்கள். ஆனால் அந்தப் பாதையிலுள்ள குன்னூர், லவ்டேல் நிலையங்களை நாம்தான் கட்ட வேண்டும். மீட்டர் கேஜ் பாதைகள் அகலப்பாதையாக மாறியபோது, ஊர் ஊராகப் பழைய நிலையக் கட்டடங்களும் போயின. உங்கள் ஊரில் ஒன்று மிஞ்சியிருந்தால், அனுமதி கேட்டுக்கொண்டு ஓர் அளவு நாடாவோடு போங்கள். மூன்றடிக் கோல் ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, நான்கு பக்கமும் நேராகப் படமெடுங்கள். ஓட்டு வரிசையை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டப்போகிறவர் நீங்களாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.