மாகாளிக்கிழங்கு: வேரோடு போகிற வாசனை

மாகாளிக்கிழங்கு ஊறுகாய் இருக்கும் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டு. ஜாடியைத் திறந்ததும் தயிர்சாதத் தட்டோடு வந்து உட்காருவது ஒன்று. ‘மூட்டைப்பூச்சி நாற்றம்’ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோவது இன்னொன்று.

இரண்டுக்கும் காரணம் ஒரே பொருள்தான்: 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸிபென்சால்டிஹைடு. ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் வெனிலினின் பங்காளி அது. இரண்டிலும் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள். அவை கோத்திருக்கும் இடம்தான் வேறு. அந்தச் சின்ன இடமாற்றத்தில் ஒன்று கேக்குக்குப் போயிற்று, மற்றது மோரில் ஊற வந்தது.

மாகாளி தென்னிந்திய மலைகளுக்கே உரிய கொடி. தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்த சித்தேரி மலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளில், பாறை இடுக்குகளில் வேர்விட்டுப் படரும். கிள்ளினால் பால் வடியும், எருக்கின் குடும்பம். காய்கள் இரட்டை இரட்டையாய்க் காய்த்து வெடிக்க, பட்டுக் குஞ்சம் கட்டிய விதைகள் காற்றில் மிதந்து போகும். மண்ணுக்கடியில் ஒரே தூரிலிருந்து பல கிழங்குகள் இறங்கியிருக்கும்.

சிக்கல் அங்கேதான். சித்தேரியின் மலையாளிப் பழங்குடியினர் சேகரிக்கும் புளி, கடுக்காய், நெல்லி எல்லாம் மரத்துக்குச் சேதமில்லாமல் கிடைப்பவை; மறு வருஷமும் காய்க்கும். கிழங்கு அப்படியல்ல. கடப்பாரையால் தூரோடு பெயர்த்துவிட்டால் கொடியும் இல்லை, விதையும் இல்லை. ஊறுகாய் போதாதென்று, நன்னாரி வேருக்குப் பதிலாகவும் இதைச் சர்பத்துக்கு விற்கிறார்கள். இன்று இது அழியும் அபாயத்தில் உள்ள தாவரங்களின் வரிசையில் நிற்கிறது.

வழி இல்லாமல் இல்லை. விதை பறந்த பிறகு தோண்டுவது, முற்றிய கிழங்கை மட்டும் அறுத்துக்கொண்டு தூரையும் இளங்கிழங்கையும் மண்ணால் மூடிவிடுவது, விதையில் நாற்று எடுத்துத் தோட்டத்தில் வளர்ப்பது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேரையும் கிழங்கையும் சிறு வனப்பொருளாகவே கணக்கிட்டு, அவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டுவாசிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கும் தந்திருக்கிறது. எப்போது, எவ்வளவு தோண்டலாம் என்பதை அந்தச் சபையே முடிவு செய்ய முடியும்.

ஆனால் பொறுமையாக அறுப்பவருக்கும் வேரோடு பிடுங்குபவருக்கும் ஒரே விலை கொடுத்தால் பொறுமை நிலைக்காது. சுண்டுவிரல் கனத்தில் பிஞ்சுக் கிழங்கு சந்தைக்கு வந்தால் வாங்காதீர்கள். முற்றிய கிழங்குக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுங்கள்.