உழவாரம் ஏந்திய நம்பிக்கை

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால்தான் காவிரி டெல்டாவில் குறுவை காலத்தோடு நடக்கும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் அணை திறக்கவில்லை. இத்தகைய காலத்தில் கடவுளை நம்பிக் காத்திருப்பது எப்படி என்பதற்குக் காவிரிக் கரையின் பஞ்சக் கதைகளிலேயே விடை இருக்கிறது. கும்பகோணத்தை அடுத்த அரிசிற்கரைப்புத்தூரில் புகழ்த்துணை நாயனார், பசியால் தளர்ந்த நிலையிலும் திருமஞ்சன நீர் சுமப்பதை விடவில்லை. குடம் கை நழுவி லிங்கத்தின் மேல் விழுந்த பிறகே, பஞ்சம் தீரும்வரை நாளுக்கொரு காசு தருவதாக இறைவன் கனவில் அருளினார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். இதுபோன்றதொரு பஞ்சத்தில் திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் நாள்தோறும் படிக்காசு பெற்று, தத்தம் மடங்களில் அடியார்களுக்கு அமுது படைத்தார்கள். சம்பந்தரின் காசை மாற்றும்போது வட்டம் (கழிவு) பிடித்ததால் அவர் மடத்தில் சோறு தாமதமானது. அப்பரின் காசு மட்டும் குறையின்றிச் செலாவணியானது. அவர் புல் செதுக்கும் உழவாரம் ஏந்தி உடலால் தொண்டு செய்தவர் என்பதே புராணம் சொல்லும் காரணம்.

அற்புதத்தை ஆதாரமாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். காசு வந்ததை நிரூபிக்க நான் இக்கதைகளைச் சொல்லவில்லை. எப்படிக் காத்திருப்பது தகும் என்று இம்மண் கருதியது என்பதற்கு இவை சான்று. பஞ்சம் ஒரே நாளில் நீங்கியதாகக் கதை சொல்லவில்லை; அன்றைய பாட்டுக்கு வழி பிறந்தது, அதுவும் பலருக்குப் பகிரப்பட்டது. நம்பினோர் யாவருக்கும் கேட்டது கிடைத்துவிடும் என்று சொல்வது, வயல் காய்ந்தவரை அவர் பக்தி போதவில்லை என்று குற்றம் சாட்டுவதாகும். அந்தக் கொடுமைக்கு இக்கதைகளில் இடமில்லை.

பக்தி மனிதரைச் செயலற்றவராக்கும் என்பது இன்னொரு வாதம். கைகட்டி உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அது உண்மை. ஆனால் ஆடிப்பெருக்கில் காவிரியைத் தொழும் இதே டெல்டாவின் விவசாயிகள் சங்கம்தான் காவிரி நீர் கேட்டு 1983-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1990-இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பும், 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. வழிபாடு வழக்கைத் தடுக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் சோராமல் நிற்க மனிதருக்கு ஏதோ ஒரு பற்றுக்கோடு வேண்டும். இறைநம்பிக்கை பலருக்கு அதைத் தருகிறது. நம்பிக்கையும் செயலும் இப்படிச் சேர்ந்தே நிற்பவை; ஆகவே, துன்பத்தில் இருப்பவரிடம் ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். அவர் வீட்டில் உலை கொதிக்கிறதா, அடுத்த பட்டத்துக்கு விதைநெல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்களால் இயன்றதைக் கொடுங்கள்.