தாம்பரம் தடத்தில் ஒரு பாதாள நடை

எரிமலை நாட்டில் காலாற நடப்பதற்கென்றே விடுமுறை எடுப்பவர்கள் உண்டு. இந்தோனேசியாவின் புரோமோ, இத்தாலியின் எட்னா என்று போவார்கள். சிலர் வழிகாட்டிகூட வைத்துக்கொள்வதில்லை. கையில் வரைபடம், தோளில் தண்ணீர், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் எரிமலை கிடையாது. இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமான் கடலின் நடுவே பாரன் தீவில் இருக்கிறது. ஆனால் எரிமலைப் பயணிகள் எவ்வளவு செலவழித்தாலும் பார்க்க முடியாத ஒன்று சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கிறது. எரிமலை தன் வயிற்றுக்குள் இருப்பதை வெளியே கக்கிக் காட்டும். அந்த வயிற்றுக்கும் கீழே, பூமியின் மேலோட்டில் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டாது. அதைப் பார்க்க பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் ஏறிப் பரங்கிமலையில் இறங்கினால் போதும். அங்கிருந்து ஏழாவது நிறுத்தம் தாம்பரம். இடையில் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று ஒவ்வொரு குன்றாக நடக்கலாம்.

பரங்கிமலை சுமார் 300 அடி உயரம். உச்சியில் போர்த்துக்கீசியர் 1523-ல் கட்டிய தேவாலயம். எல்லோரும் படியேறிப் போய்க் கும்பிட்டுவிட்டு, மேலிருந்து விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். காலடியில் இருக்கும் பாறையை யாரும் பார்ப்பதில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. பாறையின் பெயர் சார்னக்கைட். உலகம் முழுவதும் புவியியல் மாணவர்கள் படிக்கும் பெயர் இது. இந்தப் பெயர் ஒரு கல்லறையில் இருந்து வந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் ஜாப் சார்னக், கல்கத்தாவில் கம்பெனி காலூன்றக் காரணமானவர். 1690-களின் தொடக்கத்தில் அவர் இறந்தபோது, கல்லறைக்கு மேல் லத்தீன் எழுத்துப் பொறித்த ஒரு கரிய பலகைக் கல்லை வைத்தார்கள். வங்காளத்தின் வண்டல் சமவெளியில் அப்படிப்பட்ட கல் கிடைக்காது. கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். சுமார் 200 ஆண்டு கழித்து, புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பாறையோடு அது பொருந்துவதைக் கண்டார். சார்னக்கின் கல்லறைக் கல்லைப் பற்றியே 1893-ல் ஒரு கட்டுரை எழுதி, அந்தப் பாறை வகைக்குச் சார்னக்கைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரத்துக் கல்லுக்கு, அதை வெட்டிய ஊரின் பெயரைவிட அதன் கீழே புதைந்தவரின் பெயர் ஒட்டிக்கொண்டது கொஞ்சம் அநியாயம்தான்.

இந்தக் கல்லை அடையாளம் காண வெளிப்புறத்தைப் பார்த்துப் பயனில்லை. வெயிலிலும் மழையிலும் பழுப்பேறிப் போயிருக்கும். புதிதாக உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவினாற்போல ஒரு பளபளப்பு, பச்சையும் சாம்பலும் கலந்த இருண்ட நிறம். சென்னைக் கட்டடக்காரர்கள் புளூ மெட்டல் என்று சொல்லும் ஜல்லி பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த நீலச் சாயலில் ஒரு பங்கு, கல்லில் உள்ள குவார்ட்ஸ் படிகத்துக்குச் சேரும். சாதாரண குவார்ட்ஸ் கண்ணாடி போல வெளுத்திருக்கும். இங்கே அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுண்ணிய கனிம ஊசிகள் சிக்கியிருக்கின்றன. அவை சிவப்பு ஒளியை விட்டுவிட்டு நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. வானம் நீலமாவதற்கும் அடிப்படையில் இதே இயற்பியல்தான்.

அடுத்து ஆழத்துக்கு வருவோம். இந்தக் கல்லில் உள்ள கனிமங்கள் எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் ஒன்றோடொன்று சமநிலையில் இருக்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி சென்னைப் பகுதிப் பாறைகள் உருவான வெப்பம் 700 டிகிரி செல்சியசுக்கு மேல். ஆழம் சுமார் 25 கிலோமீட்டர். பீச்சில் இருந்து தாம்பரம் வரை தண்டவாளத்தை எடுத்து அப்படியே செங்குத்தாகப் பூமிக்குள் இறக்கினால், இந்தக் கல் பிறந்த இடம் ஏறத்தாழ தாம்பரம் பக்கம் வரும். மேலே இருக்கும் பாறையின் கனத்தால் அங்கே அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 7,000 மடங்கு. ஆண்டீஸ் போன்ற எரிமலைத் தொடர்களுக்கு அடியில், ஆழத்தில், இன்றைக்கும் இத்தகைய பாறைகள் உருவாகிக்கொண்டிருக்கலாம் என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். அங்கே போய்ப் பார்க்க வழியில்லை. மனிதன் இதுவரை போட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது, அதுவே 12 கிலோமீட்டர்தான்.

வயதையும் சொல்லியாக வேண்டும். சிர்க்கான் என்ற சிறு படிகங்கள் உருவாகும்போது யுரேனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாக மாறுவதால், இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் காலம் கிடைத்துவிடும். சென்னைப் பகுதிப் பாறைகளுக்குக் கிடைக்கும் காலம் சுமார் 250 கோடி ஆண்டு. பூமியின் மொத்த வயதில் பாதிக்கும் மேல்.

25 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த கல் மேலே வந்தது எப்படி? எந்த வெடிப்பும் நிகழவில்லை. மலைகள் எழும்பின, மழையும் ஆறும் மேற்பரப்பைத் தேய்த்தன, கனம் குறைந்த நிலம் மெல்ல மேலெழுந்தது. 25 கிலோமீட்டரை 250 கோடி ஆண்டால் வகுத்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வருகிறது! சராசரிக் கணக்குதான். சில காலம் வேகமாகவும் சில காலம் அசையாமலும் இருந்திருக்கும். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் இருந்து இன்று வரை என்றால், இந்தக் கணக்கில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை.

மகேந்திரவர்மனை வம்புக்கு இழுக்கவில்லை. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று பல்லாவரம் குன்றில் இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்கள் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. இன்று அது தர்கா. வழிபாட்டுத் தலம் என்ற மரியாதையோடு போய்த் தூண்களைப் பாருங்கள். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. எஃகு உளி பெரும்பாலும் 6-ஐ ஒட்டியே நிற்கும். அதாவது, கல்லில் இருக்கும் ஒரு கனிமம் அதை வெட்ட வந்த உளியைவிடக் கடினம். ஒவ்வொரு சதுரத் தூணுக்கும் பின்னால் ஓயாமல் உளி தீட்டிக்கொண்டிருந்த ஒரு கொல்லன் பட்டறை இருந்திருக்க வேண்டும்.

கல்லுக்குள் திரும்பவும் போவோம். சார்னக்கைட்டின் அடையாளக் கனிமம் ஹைப்பர்ஸ்தீன். கிரானைட் போன்ற கற்களில் காக்காப்பொன், அதாவது மைக்கா, இருக்கும். அதன் படிகச் சட்டத்திலேயே கொஞ்சம் தண்ணீர் பிணைந்திருக்கும். கடும் வெப்பத்தில் தண்ணீர் போய்விட்டால் அந்த இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் உருவாகும். ஆக, இது வறண்ட கல். தண்ணீரை வெளியேற்றியது எது என்பதில் நூறாண்டுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. ஹாலந்து இதை உருகிய குழம்பில் இருந்து நேரே உறைந்த பாறை என்றார். பின்னால் வந்தவர்களில் பலர், முன்பே இருந்த பாறை ஆழத்தில் வெந்து மாறியது என்றார்கள். பூமியின் அடியில் இருந்து கசிந்து மேலேறிய கரியமில வாயு தண்ணீரைத் துரத்திவிட்டது என்பது இன்னொரு கட்சி. கர்நாடகத்தில் கனகபுராவை அடுத்த கப்பல்துர்காவில் வெளிர் பாறையின் நடுவே திட்டுத்திட்டாகச் சார்னக்கைட் பரவி, மாற்றம் பாதியில் நின்றுபோன காட்சி இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கட்சி மேல் ஒரு சாய்வு வரும். இன்னும் வலுவான சாட்சி படிகங்களுக்குள் இருக்கிறது. சார்னக்கைட்டுகளின் குவார்ட்சை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவில் குமிழிகள் தெரியும். பலவற்றில் கரியமில வாயு, அழுத்தம் தாங்காமல் திரவமாகவே கிடக்கும். ஆழத்துக் காற்று, இன்னும் அடைபட்டபடி! சென்னையைப் பொறுத்தவரை எந்தக் கட்சி சரி என்று கேட்டால், ஒரே கல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கலாம் என்பதுதான் எனக்கு நேர்மையான பதிலாகத் தோன்றுகிறது.

திரிசூலம் ரயில் நிலையத்துக்கு எதிரே விமான நிலையம், இந்தப் பக்கம் குன்றுகள். குன்றுகளுக்கு நடுவே திரிசூலநாதர் கோயில். சுற்றிலும் பழைய கல்குவாரிகள். நகரத்தின் அடித்தளங்களில், சாலைகளில், ரயில் பாதையின் ஜல்லியில் இந்தக் குன்றுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. குழிகளில் பச்சைத் தண்ணீர் நிற்கும், அழகாகவும் இருக்கும். இறங்கவே கூடாது. படிப்படியாக ஆழமாகும் குளம் இல்லை இது. ஓரத்திலேயே பல ஆள் ஆழம் இருக்கும். ஆனால் இதே பாறை குன்றத்தூர் பக்கம் சிக்கராயபுரம் குவாரிகளில் தேக்கிய தண்ணீர் 2017 வறட்சியில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னையின் குழாய்களுக்குப் போனது.

அந்தத் தண்ணீர் அங்கே நிற்பதே வறண்ட கல்லின் தயவு. சார்னக்கைட்டில் நுண்துளை ஏறக்குறைய கிடையாது. ஊறாது, உறிஞ்சாது. தண்ணீர் போவதற்கு இருக்கும் ஒரே வழி விரிசல். தாம்பரத்தில் போர் போட்டவர்களுக்கு இது காசு கொடுத்துப் படித்த பாடம். மேலே சரளை, கீழே கல். கல்லில் ஒரு விரிசலைத் தொட்டால் தண்ணீர், தொடாவிட்டால் வெறும் தூள். பக்கத்து வீட்டில் 150 அடியில் வருவது நம் வீட்டில் 400 அடியிலும் வராமல் போகலாம். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்க வருகிறவர் தொழில் இன்னும் ஓடுவதற்கும் இந்த விரிசல்கள்தான் காரணம். பத்துக்கு நாலு தடவை பலித்தால் போதும், பேர் நின்றுவிடும்.

நாலாபுறமும் தட்டையான நிலம், நடுவே கெட்டிக் கல்லாகத் துருத்தி நிற்கும் குன்றுகள். இந்த அமைப்பை வேறொருவர் வேறு கண்ணால் பார்த்தார். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே நிலம் அளக்கத் தொடங்கினார். ஒரு முனை பரங்கிமலை, மறுமுனை பெரும்பாக்கம் குன்று. இடையே சுமார் 12 கிலோமீட்டர். அளவுகோல் 100 அடி நீள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் அதைக் கூடாரத்து நிழலில் மரப்பெட்டிக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்து, 400 முறை எடுத்து எடுத்து வைத்தார்கள். ஒரு பக்கத்தின் நீளம் துல்லியமாகத் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் கோணங்களை அளந்து முக்கோணம் மேல் முக்கோணமாகக் கணக்கிடலாம். அந்த முக்கோணங்கள் பல பத்தாண்டுகள் வளர்ந்து இமயத்தை எட்டின. எவரெஸ்டின் உயரம் முதலில் கணக்கிடப்பட்டது அந்த அளவைப் பணியில்தான்.

பல்லாவரத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 1863 மே 30 அன்று, அணிவகுப்பு மைதானத்துச் சரளைக்குழியில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதக் கை தட்டிச் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு முதல் சான்று. அதே ஆண்டு செப்டம்பரில் திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கிடைத்தன. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதில் சுவையான சங்கதி, பல்லாவரத்தில் எடுத்த அந்தக் கோடரி பல்லாவரத்துக் கல் இல்லை. அது குவார்ட்சைட், மணல் இறுகிக் கெட்டியான பாறை. ஆறுகள் உருட்டி வந்த கூழாங்கற்களாக வடக்கே கிடைக்கும். குவார்ட்சைட்டைத் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கூர்முனை கொடுக்கும். பருத்த மணிகளாலான சார்னக்கைட் அப்படிப் பெயராது. குன்று நிறையக் கல் இருக்க, அந்தக் கோடரிக்காரர் வேறு கல்லைத் தேர்ந்தெடுத்தார். எது ஆயுதத்துக்கு ஆகும், எது ஆகாது என்று பார்த்ததும் தெரிந்திருக்கிறது.

நடக்க ஏற்ற காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். ராணுவத்துக்கும் விமான நிலையத்துக்கும் உரிய வேலிகளைத் தாண்டாதீர்கள். கால் தாங்கினால் திருநீர்மலை, இன்னொரு நாள் வண்டலூர். அங்கே தேய்ந்து உருண்ட பாறைகளின் மேல் ஓடு அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருக்கும். வாய்ப்புக் கிடைத்தால் ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போகும்போது உடைந்த கல் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், அங்கேயும் இதே பளபளப்பு. ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தாம்பரத்தில் ரயிலேறினால் அதற்கும் வேறு வண்டி மாற வேண்டியதில்லை.