ராஜாஜியின் சந்தேகமும் நாமக்கல் கோழியும்

நாமக்கல்லைச் சுற்றியுள்ள முட்டைக்கோழிப் பண்ணைகளில் தடுப்பு மருந்தின் மகிமையை எவரும் எவருக்கும் உபதேசிக்க வேண்டியதில்லை. குஞ்சுப் பொரிப்பகத்தை விட்டுப் புறப்படும் முன்பே குஞ்சின் கழுத்துத் தோலடியில் மேரக்ஸ் நோய்க்கான ஊசி ஏறிவிடுகிறது. முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்கு எதிரான லசோட்டா மருந்து கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விழுகிறது. பின்னர் அதே மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து வைக்கும் நாளில், தண்ணீரிலுள்ள குளோரின் மருந்தைக் கெடுத்துவிடாதபடி பால் பவுடரைக் கரைத்து, சூடு தாக்காதிருக்க ஐஸ் கட்டியும் போட்டு, கோழிகள் தாகத்தோடு வந்து குடிக்கட்டும் என்று இரண்டு மணி நேரம் முன்னதாகவே தண்ணீரை நிறுத்திவைக்கும் சிரத்தையைக் காண்பவர், இந்தச் சீமையில் தடுப்பூசியைச் சந்தேகிக்கும் ஜீவன் ஒன்றும் இராது என்றே நினைப்பார்.

ஆனால் அந்தப் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளையே ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ குமாரபாளையத்திலோ கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு, தனக்கென்று ஓர் ஊசி வரும்போது கையை இழுத்துக்கொள்வதுண்டு. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் காலமானார். இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப் பரப்பிய பீதி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து, அம்மரணத்துக்குத் தடுப்பூசி காரணமன்று என்று முடிவு சொன்ன செய்தி வந்ததோ அக்டோபரில். இடையே செப்டம்பர் 1-ல் கல்லூரிகள் திறந்தன. 12-ஆம் தேதி நடந்த மாபெரும் முகாமில் 20 லட்சம் என்ற இலக்கைத் தாண்டி, மாநிலமெங்கும் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் தெளிந்து போட்டுக்கொண்டார்கள், எத்தனை பேர் கூட்டத்தோடு கூட்டமாய்ப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

தயங்குவோரையெல்லாம் பாமரர் என்று ஒதுக்கிவிடுவது சுலபந்தான்; இந்தச் சீமையின் சரித்திரம் அதற்கு இடந்தரவில்லை. சேலத்தில் பெயர்பெற்ற வக்கீலாக விளங்கி, 1917-ல் அந்நகராட்சியின் தலைவராகி, 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜி, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைக் கடுமையாக எதிர்த்து, 1955-ல் ஆங்கிலத்தில் தனி நூலே வெளியிட்டார். பலன் ஐயந்திரிபற நிரூபணமாகாத நிலையில், உயிருள்ள கிருமியை லட்சோபலட்சம் குழந்தைகளின் உடம்பில் செலுத்தலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். அவருக்குப் பதில் சொல்லவென்றே நடந்ததன்று எனினும், 1968 முதல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த பெருஞ்சோதனை, வயது வந்தோரின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டிற்று. குழந்தைகளின் மூளையுறைக் காசத்தை அது தடுக்கிறதென்பது வேறு ஆராய்ச்சிகளால் தெளிவானமையால், பிறந்த சிசுவுக்கு இன்றும் அதைப் போடுகிறோம். ராஜாஜியின் சந்தேகத்தில் பாதி நின்றது, பாதி விழுந்தது. கல்லூரியில் சுகாதாரக் கல்வியை இந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். வைத்திய சாஸ்திரம் தன் குறையைத் தானே அளந்து பகிரங்கமாகச் சொன்னது என்று அறிந்த மாணவன், அது நிறையென்று சொல்வதையும் காது கொடுத்துக் கேட்பான்.

நடப்பதென்னவோ பெரும்பாலும் பேனர், ஊர்வலம், உறுதிமொழி, கடைசியில் குரூப் போட்டோ. நாட்டு நலப்பணித் திட்டத்து இளைஞர்களின் உற்சாகத்தைக் குறை சொல்வதற்கில்லை, ஆயினும் “ஊசி போட்டுக்கிட்டா பரீட்சை நேரத்துல காய்ச்சல் வந்துருமுங்களா?” என்று கடைசி பெஞ்சிலிருந்து வரும் கேள்விக்குக் கோஷம் பதிலாகாது. வரலாம், ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும், வேண்டுமானால் பரீட்சை முடிந்தபின் போட்டுக்கொள் என்பதே நேரான பதில்.

செவிலியர் கல்லூரி மாணவிக்கு ஹெபடைடிஸ் பி ஊசி இன்றியமையாதது. குழந்தைகளுக்கு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நாடெங்கும் அது கிடைக்கத் தொடங்கியதே 2011-ல்தான் ஆதலால், அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்ற கணக்கில், அந்த மூன்றாவதுதான் செமஸ்டர் விடுமுறையில் மறந்துபோகக் கூடியது.

இதைவிடச் சிக்கலானது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸுக்குரிய ஊசி. அக்கிருமி உடலுறவால் பரவுவது என்ற இடம் வந்ததும் ஆசிரியையின் குரல் தாழ்ந்துவிடுகிறது. குரல் தாழ்ந்ததாலேயே, ஊசி போட்டுக்கொள்வது ஒழுக்கத்தைப் பற்றிய சாட்சியமோ என்ற கூச்சம் மாணவிக்கு உண்டாகிறது. அரசுத் திட்டங்கள் 14 வயதுச் சிறுமியரை உத்தேசித்தே அமைகின்றமையால், கல்லூரிப் பெண் பெரும்பாலும் வீட்டில் பணம் கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும், அப்போது “கல்யாணமாகாத பிள்ளைக்கு இது எதுக்குங்க?” என்று தாய் கேட்பாள். ஆகையால் பெற்றோர் கூட்டத்திலேயே விளக்கிவிடுவது உத்தமம்: அக்கிருமி உடம்பில் நுழையும் முன் போட்டால்தான் பலன் முழுமை, எனவே கல்யாணத்துக்கு முன்பே போடுவது. ஊசி போட்டுக்கொண்டவளும் முப்பது வயதுக்குமேல் அரசு ஆஸ்பத்திரியில் செய்யும் கருப்பைவாய்ப் பரிசோதனையை விட்டுவிடலாகாது என்பதையும் அப்போதே அந்தத் தாயிடம் சொல்லி, அவள் தன் பரிசோதனையைச் செய்துகொண்டாளா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.