கணவாயும் நன்னீர் மட்டியும்: ஓர் ஒப்பியல் நோக்கு

ஒப்பியலைத் தரவரிசைப்படுத்தும் முயற்சியாகக் கொள்வது நம்மிடையே வேரூன்றிய வழக்கமாகும். இலக்கிய ஆய்வும் இதற்கு விலக்கன்று. இந்நோக்கின் போதாமையை உயிரியல் தரும் ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு ஆராய்வோம்.

கரையோரத்திலிருந்து பனிக்கட்டியிலே குண்டசாலைக்கு வந்துசேரும் சிறு ஊசிக்கணவாயும், இலங்கையின் ஆறு குளங்களின் சேற்றில் வாழும் லமெலிடென்ஸ் வகை மட்டியும் தோற்றத்தில் உறவற்றவை. ஆயினும் இரண்டும் மெல்லுடலிகள். ஒரே மூதாதையின் வழிவந்தவை. ஓடு, பாதம், உடலைப் போர்த்தும் மென்மூடி ஆகிய பொது உறுப்புகளே இருவேறு வாழ்நிலைகளில் இருவேறு வடிவங்களைப் பெற்றன.

கடலில் இரையைத் துரத்தும் கணவாயின் ஓடு, உடலினுள்ளே மெல்லிய தகடாகச் சுருங்கிற்று. பாதம், எட்டுக் கைகளும் இரு நீண்ட பற்றுக்கைகளுமாக மாறிற்று. மென்மூடியைச் சுருக்கி நீரைப் பீய்ச்சி அது விரைகின்றது. மூன்று இதயங்களும் தடித்த நரம்பிழைகளும் அவ்விரைவுக்குத் துணைசெய்கின்றன. அந்நரம்பிழையை ஆராய்ந்தே ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புக் கணத்தாக்கத்தின் பொறிமுறையை 1952இல் விளக்கினர். மட்டிக்கோ தலையே இல்லை. இரு ஓடுகள் அதன் கவசம். பாதம் சேற்றை உழும் கருவி. செவுள்கள் சுவாசிப்பதோடு நீரை வடித்து உணவும் சேர்க்கின்றன.

எனவே கணவாய் உயர்ந்தது, மட்டி தாழ்ந்தது என்பார் உளர். ஆனால் கணவாயின் சுற்றத்துள் ஒன்றேனும் நன்னீரில் வாழ்வதில்லை. கணவாய்கள் பெரும்பாலும் ஓராண்டளவில் மடிகின்றன. நன்னீர் மட்டிகளோ பல்லாண்டு வாழ்வன. மெதுவாக மட்டுமே நகரும் மட்டி ஆற்றின் மேற்பகுதியை அடைவது எவ்வாறு? அதன் நுண்ணிய குடம்பிகள் மீனின் செவுளிலும் துடுப்பிலும் பற்றிக்கொண்டு பயணம் செய்கின்றன. மட்டியின் அசைவின்மை மீனின் அசைவிலே தங்கியுள்ளது.

குண்டசாலைக்கு மேலே பொல்கொல்லை அணைக்கட்டு 1976இலும், கீழே விக்டோரியா அணை 1985இலும் மகாவலியை மறித்தன. பாசனமும் மின்சாரமும் மக்களுக்கு இன்றியமையாதவை என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் மீனின் வழி அடைபடுமிடத்து மட்டியின் வழியும் அடைபடும். 'தாழ்ந்தது' என்னும் தீர்ப்போ இவ்விழப்பைக் கணக்கிலெடாது மறைத்துவிடுகின்றது.

இவ்வுண்மை இலக்கியத்துக்கும் பொருந்தும். மலையகத் தோட்டப் பாடலைக் காப்பியத்தோடு ஒப்பிடுவோர் எது உயர்ந்தது என வினவுவதிற் பயனில்லை. எவ்வுழைப்பு, எவ்வுறவுகள் அவ்வடிவத்தைத் தோற்றுவித்தன? அவை சிதையின் அழிவது எது? இவ்வினாக்களை எழுப்பும்போதே ஒப்பியல் ஆய்வாகின்றது.