விண்ணுக்குப் போனவர் வாக்குக் கேட்டு வந்தபோது

ரொறன்ரோவில் மார்க் கார்னோவின் பெயரில் ஓர் உயர்நிலைப் பாடசாலை இருக்கிறது. பல நாடுகளிலிருந்து புதிதாய் வந்து குடியேறியோரின் பிள்ளைகள் நிறைந்த இடம். அந்தப் பெயர் யாரோ பழைய காலத்துப் பிரபுவுடையது என எண்ணியிருக்கும் பெற்றோர் எம்மிடையே இருக்கலாம்.

பிரபு அல்லர். விண்வெளிக்குச் சென்ற முதலாவது கனேடியர். 2025 ஜூன் 4 ஆம் திகதி தமது 76 ஆவது வயதில் காலமானார்.

1949 இல் கியூபெக் நகரில் பிறந்த கார்னோவின் தந்தை பிரெஞ்சு பேசிய படைவீரர். தாய் ஆங்கிலம் பேசியவர். லண்டனில் மின்பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, கனேடியக் கடற்படையில் பொறியியலாளராகப் பணியாற்றினார். 1983 இல் விண்வெளி வீரர்கள் தேவை எனப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. விண்ணப்பித்தோர் 4,000 இற்கும் அதிகம். தெரிவானோர் ஆறு பேர். "எங்களுக்கெங்கே கிடைக்கப் போகிறது" என்று விண்ணப்பப் படிவத்தை மடித்து வைக்கும் எம்மவர்க்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

1984 ஒக்டோபரில் சலஞ்சர் ஓடத்தில் சென்று எட்டு நாட்கள் விண்ணில் இருந்தார். அதே சலஞ்சர் 1986 இல் வெடித்துச் சிதறி ஏழு பேர் மாண்டனர். அதன் பின்னரும் 1996 இலும் 2000 இலும் அவர் பறந்தார்.

இத்தனை புகழோடு 2006 இல் தேர்தலில் நின்றார். தோற்றார்! விண்ணுக்குப் போனவர் என்பதற்காக மட்டும் மக்கள் வாக்களித்துவிடவில்லை. 2008 இல் மொன்றியல் தொகுதியொன்றில் வென்றார். 2011 இல் சில நூறு வாக்குகளால்தான் தப்பினார். 2015 இல் போக்குவரத்து அமைச்சரானார்.

அமைச்சராக அவர் எடுத்த கடினமான முடிவு 2019 மார்ச்சில் வந்தது. 10 ஆம் திகதி எத்தியோப்பியாவில் போயிங் 737 மக்ஸ் விமானம் விழுந்து 157 பேர் இறந்தனர். அவர்களுள் 18 பேர் கனேடியர். முந்திய ஒக்டோபரில் இந்தோனேசியாவில் அதே வகை விமானம் விழுந்து 189 பேர் இறந்திருந்தனர். பல நாடுகள் உடனே தடை விதித்தன. கார்னோவோ, அவ்வகை விமானத்தில் தாம் தயக்கமின்றி ஏறுவேன் என்றார். பின்னர் செய்மதித் தரவுகள் கைக்கு வந்தன. விழுமுன் இரு விமானங்களும் ஏறி இறங்கிய விதம் ஒத்திருந்தது. இது முடிவான சான்றல்ல என்று கூறியபடியே 13 ஆம் திகதி தடை விதித்தார். அமெரிக்காவும் அன்றே தடை விதித்தது. தாமதித்துவிட்டார் என்று கண்டித்தோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆயினும், நாடறியச் சொன்ன சொல்லை இரண்டே நாளில் மாற்றிக்கொள்ளும் அமைச்சர்களை நாம் அதிகம் கண்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. விமானப் பயணிகளின் உரிமைகள் பற்றிய விதிகள் 2019 இல் அவரது காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தன. பெரிய விமான நிறுவனம் தன் தவறால் நெடுநேரம் தாமதித்தால் 1,000 டொலர் வரை நட்டஈடு கேட்க அவை வழி செய்தன. ஆகவே பயணம் முடிந்ததும் பிரயாணச் சீட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.