வெண்கண்டல் இலையில் ஒரு வேதியியல் பாடம்

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் படகேறுகிறவர்கள் பெரும்பாலும் சுரபுன்னையின் வேர்களைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே காட்டில் நிற்கும் வெண்கண்டலின் இலையை, வெயில் ஏறிய நேரத்தில் தடவினால் நறநறவென்று வெண்பொடி விரலில் ஒட்டும். உப்பங்கழி நீரோடு உள்ளே ஏறிய உப்பை இலையின் சுரப்பிகள் வெளியே தள்ள, நீர் ஆவியாகி உப்பு மட்டும் படிகமாக மிஞ்சுகிறது. சுரபுன்னையோ உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும்.

பள்ளிச் செய்முறை வகுப்பில் ‘சால்ட் அனாலிசிஸ்’ என்றால், காகிதத்தில் மடித்த ஒரு சிட்டிகைப் பொடியும் மனப்பாடம் செய்த ரெக்கார்டு நோட்டும்தான் பலருக்கு நினைவு வரும். பொடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வெண்கண்டல் உப்பை வைத்தே அந்தப் பாடத்தை நடத்தலாம். இலையைப் பறிக்கக்கூட வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்தால் போதும்.

அந்தக் கரைசலில் முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி விட வேண்டும். இதை வெறும் சடங்காகச் செய்கிற மாணவர்களே அதிகம். கார்பனேட் இருந்தால் அதுவும் வெள்ளியோடு சேர்ந்து வீழ்படிவாகி ஏமாற்றும்; அமிலம் அதைக் கார்பன் டை ஆக்சைடாக்கி விரட்டிவிடுகிறது. அதன்பின் சில்வர் நைட்ரேட்டை விட்டதும் தயிர் போல வெண்ணிற வீழ்படிவு திரளும். அம்மோனியா விட்டதும் அது கரைந்து தெளிந்தால் குளோரைடு உறுதி. சோடியத்துக்குச் சுடர் சோதனை: பிளாட்டினக் கம்பியில் தொட்டுக் காட்டினால் பொன்மஞ்சள் சுடர். அதனடியில் மறைந்துபோகும் பொட்டாசியத்தின் ஊதா நிறம் நீலக் கோபால்ட் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியும்.

2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கடலூர் மாவட்டக் கரையைச் சுனாமி தாக்கியது. கரையோரக் கிணறுகளிலும் வயல்களிலும் கடல்நீர் புகுந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சொல்வதும் சில்வர் நைட்ரேட்தான். பொட்டாசியம் குரோமேட் சேர்த்துத் தரம் பார்க்கையில் மஞ்சள் நிறம் செங்கல் சிவப்பாகத் திரும்பும் இடமே முடிவு. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். கடல்நீரிலோ லிட்டருக்கு 19 கிராமுக்கு மேல். ஒரு குடம் கடல்நீரைக் குடிக்கும் தரத்துக்குக் கொண்டுவர எழுபது குடத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும்!

குரோமேட் சேர்த்துத் தரம் பார்க்கும் இந்த முறையைத் தந்த ஜெர்மானியர் கார்ல் ஃபிரெடரிக் மோரின் பெயரில்தான் பள்ளியில் தயாரிக்கும் மோர் உப்பும் இருக்கிறது. ஃபெரஸ் சல்பேட், அம்மோனியம் சல்பேட் இரண்டையும் வெந்நீரில் கரைக்கும்போது சில துளி நீர்த்த கந்தக அமிலம் சேர்க்க மறந்தால் கரைசல் பழுப்பேறிவிடும். அசைக்காமல் ஆறவிட்டால் இளம்பச்சைப் படிகங்கள் கிடைக்கும்.

மரக்காணம் உப்பளத்தில் நடப்பதும் உப்புத் தயாரிப்புதான். நீர் வற்ற வற்ற ஜிப்சம் படியும், அதற்கடுத்துச் சாப்பாட்டு உப்பு. மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசிய உப்புகள் நிறைந்திருப்பதால் அதை வடித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் உப்பு கசக்கும், எளிதில் ஈரம் கசியும்.

கடலூர், சிதம்பரம் வட்டார வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த செய்முறை வகுப்புக்கு ஒவ்வொரு மாணவரையும் தம் தெருக் குழாய் அல்லது கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். குளோரைடு, சல்பேட், கால்சியம் மூன்றையும் அதிலேயே தேடட்டும்.